கழிவுக் கணக்கு

தமிழில் 'கழிவு' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வேண்டாதது என்று ஒதுக்கித் தள்ளப்படுவது ஒன்று. விலையிலிருந்து குறைத்துக் கொடுக்கப்படும் தள்ளுபடி மற்றொன்று. பண்டிகை நாட்களில் பட்டுச்சேலைக் கடைகளின் வாயிலில் 'சிறப்புக் கழிவு' என்று எழுதித் தொங்கவிடப்படும் பலகையைக் காணுந்தோறும் எங்கள் உள்ளத்தில் ஒரே நினைவு எழுகின்றது. அந்தச் சேலையின் நூல் பிறக்கும் இடத்தில் கழிவு என்பது எது, அதைக் கையால் தொட்டுப் பயனாக்குகின்றவர் யார், அவருக்குக் கொடுக்கப்படாமல் கழிக்கப்படுவது எவ்வளவு என்பதை ஓரளவு அறிந்தவர்கள் நாங்கள். அறிந்தும் நெடுங்காலம் வாய் திறவாமல் இருந்தவர்கள். இக்கட்டுரையை எழுதுவது ஒருவர் கையே ஆயினும், தமக்கை ஒருவர், தம்பியர் இருவர் ஆகிய மூவரின் மனச்சான்றும் இதன் அடியில் கையொப்பமிடுகின்றது.

எங்கள் ஊர் கெலமங்கலத்துக்கு அருகில் ஒரு சிற்றூர். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளுக்கே உரிய மிதமான குளிர்ச்சி மல்பெரிச் செடிக்கும் பட்டுப்புழுவுக்கும் இசைவானது. தாத்தாவின் பெயரில் இருந்த மூன்று ஏக்கர் நிலத்தில் கேழ்வரகும் அவரையும் விளைந்த காலம் போய், 1981ஆம் ஆண்டில் எங்கள் தந்தையார் இரண்டு ஏக்கரில் மல்பெரி நட்டார். வீட்டை ஒட்டி ஓட்டுக் கூரையில் புழு வளர்ப்பு மனை ஒன்று எழுந்தது. அதன்பின் எங்கள் வீட்டில் நாட்காட்டி என்பதே புழுவின் வயதுதான்.

ஒரு முட்டைத் தொகுதியில் ஏறத்தாழ 400 முதல் 500 முட்டைகள் இருக்கும். நூறு தொகுதிகளை வாங்கி வந்தால், சில நாட்களில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் எங்களோடு உணவுக்குக் காத்திருக்கும். பிறக்கும்போது எறும்பின் அளவு. நான்கு முறை தோலுரித்து, இருபத்தைந்து நாட்களுக்குள் தன் பிறவி எடையைப் போல் பத்தாயிரம் மடங்கு பெருத்துவிடும். கடைசி வாரத்தில் அவை இலை தின்னும் ஓசை கூரைமேல் பெய்யும் மழைபோல் இரவெல்லாம் கேட்கும். அந்த ஓசையில் உறங்கி, அந்த ஓசை நின்றால் விழித்து வளர்ந்தவர்கள் நாங்கள். பின்னர் புழுக்கள் மூங்கில் சந்திரிகையில் ஏறித் தம்மைச் சுற்றித் தாமே நூலால் சுவர் எழுப்பிக்கொள்ளும். ஒரு கூட்டின் இழை முறியாமல் பல நூறு மீட்டர் நீளும். இன்றைய நல்ல வெண்பட்டுக் கூட்டில் அது ஆயிரம் மீட்டரையும் தாண்டுகின்றது.

ஆயினும், கூடு முழுவதும் நூலாவதில்லை. சந்திரிகையில் ஒட்டிக்கொள்ளும் மேற்பஞ்சு, செத்த புழுவின் கறை படிந்த கூடு, தாள்போல் மெலிந்த கூடு, இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டியதால் இழை சிக்குண்ட இரட்டைக் கூடு, பறிக்கக் காலந்தாழ்ந்ததால் அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய கூடு என்று எங்கள் வீட்டிலேயே ஒரு குவியல் சேரும். நூற்புக் கூடத்தில் நூல்முனை தேடும்போது உரிகின்ற சிக்கலும், உள்ளே புழுவைப் போர்த்தியிருக்கும் நூற்கவியலாத மெல்லிய கடைசிப் படலமும் வேறு. இவையனைத்தையும் சேர்த்தால், புழு நூற்ற பட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை சீரான நூலாகாமல் ஒதுங்கிவிடுகின்றது. இதற்குத்தான் கழிவுப்பட்டு என்று பெயர். மிதிவண்டியில் வரும் வியாபாரி ஒருவர் அதைக் கூடைக் கணக்கில் அள்ளிச் செல்வார். எடை போட்டு வாங்க வேண்டிய பொருள் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

தந்தையின் தங்கை, எங்கள் அத்தை, 1983ஆம் ஆண்டில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தார். வயது இருபத்தேழு. கணவர் இறந்துவிட்டார். குழந்தைகள் இல்லை. புகுந்த வீட்டார் ஒரு துணிப்பையோடு பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எங்கள் தந்தை கடினமான மனிதரல்லர். "உன் வீடுதானே இது" என்று சொல்லித் தங்கையை உள்ளே அழைத்தார். ஆனால் உள்ளே என்பது புழு மனையின் பக்கத்து அறையாக அமைந்தது. இலை பறித்தல், தட்டு மாற்றுதல், எச்சம் அள்ளுதல் எல்லாம் சொல்லாமலே அத்தையின் வேலைகளாயின.

குப்பைக்குழியின் ஓரத்தில் கிடந்த கூட்டுக் குவியலை அத்தை ஒருநாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கூடையை எடுத்துவந்து, வியாபாரி வருமுன் அதில் நல்லவற்றைப் பொறுக்கத் தொடங்கினார். அவர் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்பு படித்தவர். அக்காலத்துப் பள்ளிகளில் தக்ளி நூற்கக் கற்றுத்தந்தார்கள். பள்ளி தந்த கல்வியில் அவருக்கு எஞ்சியது அந்தத் தக்ளிதான்.

அவர் செய்த வேலையை நாங்கள் அருகிலிருந்து பார்த்திருக்கின்றோம். ஆதலின் அதை முறையாகச் சொல்ல முடியும். முதலில் ஒவ்வொரு கூட்டின் முனையையும் கத்தரித்து உள்ளிருக்கும் கூட்டுப்புழுவை உதறி எடுப்பார். வெற்றுக் கூடுகளைத் துணிப்பையில் கட்டி, சலவைச் சோடாவும் சவர்க்காரமும் கரைத்த நீரில் இட்டு அடுப்பில் கொதிக்க வைப்பார். பட்டு இழை இரண்டு பொருள்களால் ஆனது. உள்ளே ஃபைப்ராயின் என்னும் உறுதியான இழை, அதன்மேல் செரிசின் என்னும் பசை. கூட்டோட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பசையே. கொதிநீரில் பசை கரைந்துபோக, கல்போல் இருந்த கூடு தொட்டால் நழுவும் பஞ்சாக மாறும். அதை நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, கவிழ்த்த செம்பின்மேல் குல்லாய்போல் விரித்துக் காயவைப்பார். காய்ந்ததை விரல்களால் பிரித்து, திண்ணையில் அமர்ந்து தக்ளியைச் சுழற்றுவார். நூற்புக் கூடத்து நூல்போல் அது பளபளக்காது. அங்கங்கே முடிச்சும் தடிப்பும் இருக்கும். ஆனால் தொட்டால் சூடாக இருக்கும். பக்கத்து ஊர் நெசவாளர் ஒருவர் பருத்திப் பாவில் அதை ஊடையாக ஓட்டிச் சால்வை நெய்து தருவார். குளிர்காலத்தில் அது விலைபோயிற்று.

ஒரு நாள் முழுவதும் நூற்றாலும் கைப்பிடி நூலே தேறும். சோடா நீரில் ஊறிய அவருடைய விரல்நுனிகள் வெடித்துச் சிவந்திருக்கும். இரவில் அவற்றில் விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார். நாங்கள் அதை "அத்தையின் குப்பை" என்றே அழைத்தோம். பள்ளித் தோழர் வீட்டுக்கு வந்தால், வேகும் கூட்டின் வாடைக்கு நாணி அடுப்பங்கரைக் கதவைச் சாத்தினோம். இதைச் சொல்லாமல் மற்றவற்றைச் சொல்வது முறையாகாது.

1988ஆம் ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் மனையில் பால்புழு நோய் கண்டது. புழுவின் தோல் உப்பி மஞ்சளித்து, தொட்டால் கிழிந்து பால்போன்ற நீர் வடியும். அதற்குக் காரணம் ஒரு வைரசு. கண்டபின் மருந்தில்லை. நோயுற்றவற்றைப் பொறுக்கி எடுத்துச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பதே வழி. பாதிக்கும் மேற்பட்ட புழுக்கள் மடிந்தன. பிழைத்தவை கட்டிய கூடுகள் மெலிந்தும் கறைபட்டும் இருந்தன. தந்தை அவற்றை மூட்டை கட்டிக்கொண்டு அங்காடிக்குச் சென்றார். ஏலத்தில் ஒருவரும் கேட்கவில்லை. மாலையில் மூட்டையோடு திரும்பி வந்தவர், அதைக் கொல்லையில் கொட்டிவிட்டு, உண்ணாமல் படுத்துவிட்டார். முட்டை வாங்கிய கடன் நின்றது. தமக்கைக்குக் கல்லூரி விடுதியில் கட்டணம் செலுத்த ஒரு தவணை பாக்கி. "படித்தது போதும், அழைத்து வந்துவிடலாம்" என்று வீட்டில் பேச்சு எழுந்தது.

மறுநாள் விடியுமுன் அத்தை கொல்லையில் இருந்தார். கொட்டிய கூடுகளை மழை நனைக்குமுன் கூடை கூடையாய் உள்ளே சேர்த்தார். மூன்று மாதம் அந்த அடுப்பு அணையவில்லை. கறை போகாதவற்றை மஞ்சளிலும் கடுக்காயிலும் சாயமேற்றினார். சால்வைகள் விற்றன. கடனை அவை அடைத்துவிட்டன என்று சொல்லமாட்டோம், அவ்வளவு பெரிய தொகை அதில் இல்லை. ஆனால் விடுதிக் கட்டணம் கட்டப்பட்டது. தமக்கை படிப்பைத் தொடர்ந்து ஆசிரியரானார். அவருடைய ஊதியத்தில் பெரிய தம்பி படித்தான். சின்னத் தம்பி நிலத்தைக் காத்தான். நாங்கள் மூவரும் நின்ற படிக்கட்டின் முதற்படி எது என்று கேட்டால், கொல்லையில் கொட்டப்பட்ட அந்தக் கூட்டுக் குவியல்தான்.

தந்தை 2001ஆம் ஆண்டில் மறைந்தார். 2004ஆம் ஆண்டில் நிலத்தைப் பாகம் பிரித்தோம். நிலம் தாத்தாவின் பெயரில் இருந்ததால் அத்தையின் கையொப்பமும் தேவைப்பட்டது. விடுதலைப் பத்திரம் ஒன்று எழுதினோம். தமக்குரிய பங்கை அண்ணன் பிள்ளைகளுக்கு மனமுவந்து விட்டுக்கொடுப்பதாக அதில் வாசகம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை, நிலத்தை வைத்து என்ன செய்யப்போகிறார் என்பது எங்கள் நியாயம். சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திடுமுன் அத்தை ஒன்று கேட்டார்:

"இனி நான் எங்கே இருப்பேன்?"

"இங்கேதான் அத்தை, எங்களோடுதான்" என்றோம்.

அவர் கையெழுத்திட்டார். நாங்கள் சொன்ன 'இங்கே' மீண்டும் அந்தப் பக்கத்து அறையே ஆயிற்று.

இத்தனையும் அப்படியே உறங்கிக் கிடந்திருக்கும். சின்னத் தம்பி மனையைப் புதுப்பித்தான். தட்டுகளுக்குப் பதில் தண்டோடு இலை இடும் முறை வந்தது. மூங்கில் சந்திரிகைக்குப் பதில் நெகிழிச் சந்திரிகை வந்தது. கழிவுப்பட்டுக்கு முன்னைவிட நல்ல விலை கிடைப்பதைக் கண்டு, இது எங்கே போகின்றது, என்ன ஆகின்றது என்று விசாரிக்கத் தொடங்கினோம். தமக்கை ஓய்வு பெற்றபின் நூலகங்களில் தேடிப் படித்தார். தெரியவந்தவை வியப்பளித்தன.

அத்தை திண்ணையில் செய்ததையே ஆலைகள் பெரிய அளவில் செய்கின்றன. கர்நாடகத்தின் சென்னபட்டணத்திலும் அசாமின் ஜாகிரோட்டிலும் இதற்கென்றே ஆலைகள் எழுந்தன. கழிவுப்பட்டின் பசையை நீக்கி, துண்டாக்கி, சீப்பிட்டு இழைகளை ஒரே திசையில் படியவைத்து, பஞ்சு நூற்பதுபோல் நூற்கிறார்கள். சீப்பில் எஞ்சும் குட்டையான இழையும் வீணாவதில்லை. அதிலிருந்து சொரசொரப்பான, கனத்த மற்றொரு நூல் பிறக்கின்றது. இரட்டைக் கூட்டின் சிக்குண்ட இழையோ 'டுப்பியான்' என்னும் பெயரில் மதிப்போடு உலவுகின்றது. அதன் முடிச்சுகளே அதன் அழகு என்று வாங்குவோர் சொல்கின்றனர்.

இழையோடு முடியவில்லை. சாக்கடையில் ஊற்றப்பட்ட அந்தப் பசைநீர், ஏரி குளங்களில் சேர்ந்தால் நீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்து மீன்களை வருத்தும் மாசு. அதே பசையைச் சோடா இன்றி, அழுத்தத்தில் சூடேற்றிய வெறும் நீரால் பிரித்தெடுத்தால் செரிசின் தூளாகக் கிடைக்கின்றது. ஈரத்தைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் இயல்புடையது அது. முகப்பூச்சுகளில் சேர்க்கின்றார்கள். வியர்வையை உறிஞ்சாத பாலியெஸ்டர் துணியின்மேல் படியவைத்து அதை உடலுக்கு இதமாக்கவும் முயல்கின்றார்கள். உதறி எறியப்பட்ட கூட்டுப்புழுவிலிருந்து எண்ணெய் எடுத்துச் சவர்க்காரம் செய்யலாம். எண்ணெய் போன பிண்ணாக்கு கோழிக்கும் மீனுக்கும் தீவனம். புழுவின் தோலிலுள்ள கைட்டின் என்னும் பொருளைப் பதப்படுத்திக் கிடைக்கும் கைட்டோசான், பருத்தித் துணியில் கிருமி வளராமல் காக்கும் பூச்சாகப் பயன்படுகின்றது. எங்கள் வயலுக்கு எருவாய்ப் போன புழு எச்சத்திலிருந்து பச்சையத்தைப் பிரித்தெடுக்கும் தொழில் சீனாவில் நடக்கின்றது.

பட்டுப்புழு மட்டுமன்று. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் பலாசமரத்திலும் இலந்தையிலும் அரக்குப் பூச்சியை வளர்க்கின்றார்கள். கொம்பிலிருந்து சுரண்டிய அரக்கை நொறுக்கி நீரில் கழுவும்போது அந்த நீர் செந்நிறமாகின்றது. ஒரு காலத்தில் துணிக்குச் சாயமிட அதைத் தேடி வாங்கினார்கள். 1856ஆம் ஆண்டில் செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டு, அடுத்தடுத்து மலிந்தபின் அரக்கு நீர் வாய்க்காலில் ஓடியது. இன்று அதே கழுநீரிலிருந்து மீண்டும் சாயம் எடுத்துப் பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்றுகின்றார்கள். விலை இருந்தால் சாயம், விலை இல்லாவிட்டால் சாக்கடை. நீர் என்னவோ ஒன்றுதான்.

படித்தவற்றுள் எங்களை உறங்கவிடாத வரலாறு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் சாமுவேல் கன்லிஃப் லிஸ்டர் என்னும் ஆலை முதலாளி வாழ்ந்தார். 1850களின் நடுவில், எவரும் பயனாக்க அறியாத பட்டுக் கழிவு அவர் பார்வைக்கு வந்தது. இதை நூலாக்க முடியும் என்று அவர் நம்பினார். ஆண்டுக்கணக்கில் இயந்திரங்களைச் செய்தும் கலைத்தும் பார்த்தார். ஏற்கெனவே ஈட்டிய செல்வமெல்லாம் கரைந்து, நொடித்துப்போகும் நிலைக்கு வந்தார். இறுதியில் வென்றார். பவுண்டு ஒன்றுக்கு 6 பென்னி முதல் 1 ஷில்லிங் வரை விலையுள்ள கழிவிலிருந்து அவர் நூற்ற நூல், ஓராண்டில் பவுண்டு 23 ஷில்லிங்குக்கு விற்றதாம். 12 பென்னி சேர்ந்தது 1 ஷில்லிங் என்பதை நினைவிற்கொண்டு கணக்கிட்டால், குப்பை ஒன்று குறைந்தது இருபத்துமூன்று மடங்கு உயர்ந்த கதை இது. மானிங்ஹாம் ஆலை அதனால் உலகப் புகழ்பெற்றது.

இதுவரை படித்தபோது எங்களுக்கு அத்தையின் நினைவே வந்தது. பிறர் எறிந்ததில் பொருளைக் கண்ட கண்கள் இருவருக்கும் ஒன்றே. அடுத்த பக்கத்தைத் திருப்பினோம். 1890ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்கா விதித்த புதிய இறக்குமதி வரியால் விற்பனை சரிந்தது என்று சொல்லி, அதே ஆலையில் தொழிலாளரின் கூலி குறைக்கப்பட்டது. பெரும்பாலும் பெண்களும் சிறுமியருமாகிய ஆயிரக்கணக்கானோர் நான்கு மாதங்களுக்கு மேல் வேலைக்குச் செல்லாமல் பசித்திருந்தனர். 1891ஆம் ஆண்டு ஏப்ரலில், குறைத்த கூலிக்கே தலைகுனிந்து திரும்பினர். அதே ஆண்டில் லிஸ்டர் பிரபுப் பட்டம் பெற்றார். தோற்றவர்களின் வேதனை வீண்போகவில்லை. அந்த நகரில் தொழிலாளருக்கென ஓர் அரசியல் இயக்கம் தோன்றியது. 1893ஆம் ஆண்டில் சுயேச்சைத் தொழிற்கட்சி அங்கேதான் பிறந்தது.

கழிவில் மதிப்பைக் கண்டவர், அந்த மதிப்பை உண்டாக்கிய கைகளில் அதைக் காணவில்லையே என்று பேசிக்கொண்டோம். பேசியபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். லிஸ்டராவது தம் செல்வத்தைப் பணயம் வைத்தார். நாங்கள் எதை வைத்தோம்? பத்திரத்தில் 'மனமுவந்து' என்ற சொல்லை எழுதச் சொன்னவர்கள் நாங்களே அல்லவா?

சென்ற ஆண்டு புழு மனைப் பரணில் தந்தையின் கணக்கு நோட்டுகள் அகப்பட்டன. முட்டை விலை, இலை, கூலி, கூட்டின் எடை, விற்ற விலை என்று ஒவ்வொரு பயிருக்கும் ஒழுங்காக எழுதியிருந்தார். 1988ஆம் ஆண்டுப் பக்கத்தைத் தேடினோம். வரவுப் பத்தியில் அந்தப் பயிருக்கு நேராக ஒரு கோடு மட்டுமே. செலவுப் பத்தியில் தந்தையின் கையெழுத்தில், 'விடுதிக் கட்டணம் ரூ. 640 கட்டியாயிற்று' என்று இருந்தது. வரவில் இல்லாத 640 ரூபாய் செலவில் எங்கிருந்து வந்தது? பின்னைய ஆண்டுகளையும் புரட்டினோம். மூக்குக்கண்ணாடி, உர மூட்டை, மருத்துவச் செலவு எனச் சிறு தொகைகள் அங்கங்கே வரவின்றிச் செலவாகியிருந்தன. தந்தை பொய்க்கணக்கு எழுதுபவரல்லர். தங்கையின் கையிலிருந்து வந்ததை வரவாக எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. காற்றையும் மழையையும் யார் வரவு வைப்பார்கள்?

அன்று இரவு மூவரும் அமர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். மூவர் பங்கிலிருந்தும் சேர்த்து, கிணற்றை ஒட்டிய அரை ஏக்கர் மல்பெரியை அத்தையின் பெயருக்கு எழுதிவைப்பது. ஊரார் செட்டில்மெண்ட் என்று சொல்லும் ஏற்பாட்டுப் பத்திரம். தாத்தாவின் நிலத்தில் அவருக்கு உரியதாய் இருந்த பங்கை எண்ணினால் இது குறைவு என்பதையும் அறிவோம். பெரிய தம்பி நகரத்தில் கட்டிய வீட்டின் கடன், தமக்கையின் மகள் திருமணம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னோம். முழுதும் திருப்பித் தரும் துணிவு எங்களுக்கு வரவில்லை. இதையும் எழுதிவைக்கின்றோம்.

அத்தைக்கு இப்போது எழுபதை நெருங்கும் வயது. தக்ளியைப் பிடிக்க விரல்கள் இசைவதில்லை. திண்ணையில் அமர்ந்து, மனையில் வேலை செய்யும் இரண்டு பெண்களுக்கு எந்தக் கூட்டை எந்தக் கூடையில் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அருகில் அமர்ந்து செய்தியைச் சொன்னோம். கண்ணீரை எதிர்பார்த்தோமோ, வேண்டாம் என்ற மறுப்பை எதிர்பார்த்தோமோ, தெரியவில்லை. அவர் சற்று நேரம் எங்களைப் பார்த்தார்.

"கொடுங்கள். கேட்டு வாங்குகிற வயது எனக்குப் போய்விட்டது. கொடுத்தால் வேண்டாம் என்கிற வயது இன்னும் வரவில்லை" என்றார்.

பிறகு சின்னத் தம்பியின் பக்கம் திரும்பினார். "நிலத்தை நீயே பார்த்துக்கொள் தம்பி. ஆனால் குத்தகை மாதம் பிறந்ததும் என் கையில் வந்துவிட வேண்டும். சோற்றுக்கு என்று கழித்துக்கொள்ளக் கூடாது."

அவன் தலையசைத்தான். நோட்டைக் கொண்டுவந்து 1988ஆம் ஆண்டுப் பக்கத்தைக் காட்டினோம். அவரால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியும். 640 என்ற எண்ணின்மேல் விரலை வைத்து, "இது அறுநூற்று நாற்பது இல்லை. நெசவுக்காரருக்கு நாற்பது பாக்கி நின்றது. அதையும் நான்தான் பிறகு கொடுத்தேன்" என்றார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒருவரும் கேட்காத கணக்கை அவர் ஒரு ரூபாய் தவறாமல் நினைவில் வைத்திருந்தார். நாங்கள்தாம், அவருக்குக் கணக்கே கிடையாது என்று நினைத்திருந்தோம்.

பத்திரம் பதிவாயிற்று. இப்போது சின்னத் தம்பியின் நோட்டில் புதிதாக ஒரு பத்தி உண்டு. கழிவுப்பட்டை எடை போட்டே விற்கின்றோம். அந்தத் தொகையில் பாதியைப் பிரித்தெடுக்கும் இரண்டு பெண்களும் கூலிக்கு மேலாகப் பகிர்ந்துகொள்கின்றனர். இது அத்தையின் யோசனை. முழுதும் அவர்களுக்கே என்று அவர் சொன்னார். பாதி என்று நிறுத்தியது நாங்கள். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு பயிர் முடிவிலும் திண்ணையிலிருந்து அவர் கேட்கின்றார்:

"கழிவு எவ்வளவு ஆயிற்று? எழுதினாயா?"